வெறுங்கையால் ஆவியை வீழ்த்த முடியுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடுகிறோம். ஆயுதத்தை இழந்த என் வீரன் ஓர் ஆவியோடு மோத நேர்ந்தபோது, உடலற்ற ஒன்றைக் குத்தினால் கை ஊடுருவிப் போய்விடும், சேதமே ஆகாது என்று ஆட்டத்தை நடத்தும் நண்பர் தீர்ப்புச் சொன்னார். இது சரிதானா?

பதில்: சரியல்ல. 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் உடலற்றவை மீது மந்திர சக்தியில்லாத அடி எதுவும் பலிக்காது. உங்கள் நண்பர் அந்த விதியை நினைவில் வைத்துத் தீர்ப்பளித்திருக்கக்கூடும். ஐந்தாம் பதிப்பில் கோஸ்ட் எனப்படும் ஆவி, சாதாரண அடிகளின் சேதத்தைப் பாதியாகக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் தடுப்பதில்லை. அதன் கவச எண், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 11தான் என்பதால், அடி படுவதும் எளிது.

ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காக அது நல்ல வழியாகிவிடாது. பயிற்சியற்ற வெறுங்கைக் குத்தின் சேதம் 1உடன் வலிமைக் கூட்டெண் சேர்ந்தது. வலிமை 18 உள்ள வீரனுக்குக் கூட்டெண் 4, எனவே சேதம் 5, அதில் பாதியை முழு எண்ணாகக் குறைத்தால் 2. சராசரியாக 45 உயிர்ப் புள்ளிகள் கொண்ட கோஸ்ட்டை வீழ்த்த 23 குத்துகள் பட வேண்டும். கட்டிப் பிடித்து நிறுத்தவும் முடியாது, ஏனெனில் பிடிபடுதல், கீழே விழுதல் ஆகிய நிலைகள் அதைப் பாதிப்பதில்லை. ஆயுதத்துக்கு மந்திர வலுவூட்டும் மேஜிக் வெப்பன் மந்திரமும் முட்டிக்கு உதவாது; விதிப்படி முட்டி ஆயுதமல்ல.

வெறுங்கைச் சண்டையில் தேர்ந்த மங்க் (துறவி) வகுப்பைச் சேர்ந்தவருக்கு நிலைமை வேறு. ஆறாம் லெவலில் அவரது குத்துகள் மந்திர அடிகளாகக் கருதப்படுவதால் சேதம் முழுமையாகச் சேரும். அதைவிட நான் பெரிதும் மதிப்பது ஐந்தாம் லெவலில் கிடைக்கும், எதிரியைத் திகைக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கைத்தான், ஏனெனில் கோஸ்ட்டால் தவிர்க்க முடியாத நிலைகளில் திகைப்பும் ஒன்று. அதன் உடலுறுதி வெறும் 10. ஐந்தாம் லெவல் மங்க்கின் ஞானக் கூட்டெண் 3 என்றால், திகைப்பிலிருந்து தப்ப கோஸ்ட் 20 முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் போட்டாக வேண்டும், அதாவது நூற்றுக்கு 65 வாய்ப்பு அது தோற்பதற்கே. திகைத்த கோஸ்ட் யார் உடலிலும் புக முடியாது, ஈதர் எனப்படும் மறு உலகுக்குத் தப்பவும் முடியாது.

கேள்வி: ஆவி எங்கள் தோழரின் உடலில் புகுந்துவிட்டால் குத்துவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அடி ஆவிக்கு அல்ல, தோழருக்கே விழும், உடலுக்குள் இருக்கும் கோஸ்ட்டை, இறந்தபின்னும் உலவுபவற்றை விரட்டும் ஆற்றல்கள் தவிர வேறெதுவும் தீண்டாது. அந்த உடலின் உயிர்ப் புள்ளிகள் 0ஆனால் ஆவி வெளியேறியாக வேண்டும். கைகலப்பில் வீழ்த்துபவர், கொல்லாமல் மயக்கமடையச் செய்வதாகத் தேர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே வில்லையும் அழிவு மந்திரத்தையும் ஒதுக்கிவிட்டுக் கடைசி அடியை முட்டிக்கு விடுங்கள். வெளியேறும் ஆவி உடலுக்கு 5 அடி தொலைவுக்குள்தான் தோன்றும் என்பதால், தன் ஆட்ட முறை முடியுமுன் இன்னும் குத்து மீதமுள்ள மங்க் அதை உடனே தாக்கலாம்.