கூரைக்கு மேல் ஒரு குடித்தனம்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது பாரிஸ் பக்கம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பூர்வீகம் பாண்டி. கணவரின் வேலைக்காக மார்ச் மாதம் முத்தியால்பேட்டைக்குக் குடிவந்தோம். பழைய ஓட்டு வீடு. ராத்திரி ஆனால் ஓட்டுக்குக் கீழே ஏதோ தடதடவென்று ஓடுகிறது. போன வாரம் கிணற்றடியில் ஆறடிப் பாம்பு. பக்கத்து வீட்டுப் பையன்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். "சாரைதான்க்கா, ஒண்ணும் பண்ணாது" என்று அடித்த பிறகு சொல்கிறார்கள்! உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தாலே நல்லபாம்பு வந்திருக்கிறது என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. கூரையில் எலி மருந்து வைக்கலாமா? இதற்கெல்லாம் பழகிவிட முடியுமா?

பதில்: அன்புச் சகோதரி, "அடித்த பிறகு சொல்கிறார்கள்" என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நம் ஊர் வழக்கமே அதுதான். முதலில் கம்பு, அப்புறம்தான் விசாரணை.

முதலில் அந்த எலி மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலி ஓடினால் சரசரக்கும், கொறிக்கும் சத்தம் கேட்கும். தடதடவென்று பூனை கனத்தில் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் மரநாய். பேரில்தான் நாய், பார்க்க நீளவாலும் கூர்மூக்குமாக ஒரு கறுத்த பூனை மாதிரி இருக்கும். பகலெல்லாம் ஓட்டுக்கடியில் தூங்கிவிட்டு, இருட்டியதும் பழம் தேடிப் போகும். வழியில் எலி சிக்கினால் அதையும் விடாது. காலையில் மதில்சுவர் மேல் பாருங்கள். சின்ன வயதில் எங்கள் மாடிப்படியில் தினமும் ஒரு பிடி சப்போட்டா விதை கிடக்கும், கழுவி வைத்ததுபோல் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு. தின்றுவிட்டு அங்கேயே துப்புகிறேன் என்று அம்மா என்னைத் திட்டித் தீர்ப்பார். அது மரநாயின் எச்சம் என்று தெரிவதற்குள் நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

மருந்து வைத்தால் அது உங்கள் தலைக்கு மேலேயே செத்து அழுகும். தவிரவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். எந்தச் சந்து வழியாக வருகிறது என்று பாருங்கள். ராத்திரி அது வெளியே போன பிறகு, உள்ளே குட்டி இல்லை என்று உறுதியானால் மட்டும், அந்தச் சந்தைக் கம்பிவலையால் அடையுங்கள். பிரான்சில் கிராமத்து வீட்டுப் பரண்களில் ஃபுயின் என்றொரு பிராணி கும்மாளம் போடுமே, கார் ஒயரைக்கூடக் கடித்து வைக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது அந்த அளவுக்குப் போக்கிரி இல்லை.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். பையன்கள் சொன்னது சரி, சாரைக்கு விஷம் கிடையாது. எலியைத் தின்று உங்களுக்கு உதவிக்கொண்டிருந்தது, பாவம். சாரையும் நாகமும் பின்னிப் பிணையும் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் பின்னிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், அதுவும் மல்லுக்கட்டு. உருளைக்கிழங்கு வாசனை வந்தால் யார் வீட்டில் மசாலா என்று விசாரியுங்கள், போதும். (மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

ஆனால் ஒரு பாம்பிடம் நீங்கள் பயப்படத்தான் வேண்டும். கட்டுவிரியன். கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாது, பல் பட்ட தடம்கூடச் சரியாக இருக்காது. விடிகாலையில் வயிற்றைப் பிசையும், இமை தானாகச் சரியும். வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் பொந்துகளில் தண்ணீர் ஏறினால் பாம்புகள் வீட்டைத் தேடி வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் செருப்பை உதறாமல் யாரும் காலை விடவில்லை.

அதனால் தரையில் படுக்காதீர்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள். ராத்திரி கொல்லைப்பக்கம் போனால் கையில் டார்ச் இருக்கட்டும். கிணற்றடியில் செங்கல், ஓலை, மட்டை குவிந்திருந்தால் அப்புறப்படுத்துங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர். 1978 முதல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது.

பழக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் அணிலைப் பற்றியோ குயிலைப் பற்றியோ ஒரு புகாரும் இல்லை. புதுச்சேரியின் மாநில விலங்கே அணில்தான், மாநிலப் பறவை குயில். ஏழு மாதத்தில் அந்த இரண்டும் உங்களுக்குப் பழகிவிட்டன, நீங்கள்தான் கவனிக்கவில்லை. மரநாயையும் ஒருநாள் டார்ச் வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அந்தத் தடதட சத்தத்தோடு தூங்கிவிடுவீர்கள்.

நாளைக் காலையில் மதில் மேல் விதை கிடக்கிறதா என்று பாருங்கள். என்ன பழம் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.