கடும் வெயிலில் வீட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன, என்ன செய்வது?

தகரக் கூரைக் கொட்டகை, பன்னிரண்டு கோழி, மதியமானால் எல்லாம் சிறகை அகட்டிக்கொண்டு மூச்சு வாங்குகின்றன, கொட்டகை முழுக்கத் தண்ணீர் தெளித்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தெளிப்பதை நிறுத்துங்கள். பாதித் தொல்லை அதனால்தான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். சூடு கூடும்போது வாயைத் திறந்து வேகமாக மூச்சு விட்டு, தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைத் தணித்துக்கொள்கிறது. காற்று காய்ந்திருந்தால் அந்த ஆவி உடனே போய்விடும். நம் மலேசியக் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது, அதில் நீங்களும் தண்ணீரைத் தெளித்து, நாலு பக்கமும் பலகை அடித்த கொட்டகைக்குள் அடைத்து வைத்தால் கோழி எவ்வளவுதான் மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது. யூடியூபில் ராஜஸ்தான், அரிசோனா பக்கத்து ஆட்கள் புகைபோல நீர் தெளிக்கும் குழாயைக் காட்டுகிறார்களே, அது அவர்கள் ஊர்க் காய்ந்த காற்றுக்குச் சரி. நான் இருப்பது கெடாவில், பாடாங் செராய் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. இங்கே முதலில் காற்று, அப்புறம் நிழல், தண்ணீர் அதற்குப் பிறகு.

ஆகவே பலகையைக் கழற்றுங்கள். நம் ஆட்கள் மரநாய்க்கும் மலைப்பாம்புக்கும் பயந்துதான் கொட்டகையைப் பெட்டி மாதிரி அடைக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான், ஒரே ராத்திரியில் கூண்டையே காலி பண்ணிவிடும். ஆனால் அதற்குப் பலகை வேண்டாம், சின்னக் கண்ணுள்ள கெட்டிக் கம்பிவலையை அடியிலிருந்து கூரை வரைக்கும் அடித்தால் போதும். மழை அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்குகிற மாதிரி கித்தான் கட்டுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டால் மேலே தேங்கும் சூடு அந்த வழியாக வெளியேறும், அதையும் வலையால் மூடிவிடுங்கள். மின்வசதி இருந்தால் மேசை விசிறியைக் கோழி நிற்கும் உயரத்துக்கு வையுங்கள். சூடான காற்றை அடித்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். வெளிக்காற்று கோழியின் உடம்பைவிடச் சூடு குறைவாக இருக்கும்வரை காற்று வீசினால் அதற்குச் சுகம்தான். ஒயரை மட்டும் கோழி கொத்த முடியாத இடத்தில் கட்டுங்கள், மோட்டாரில் சேரும் தூசியை வாராவாரம் துடைத்துவிடுங்கள்.

தகரக் கூரை பெரிய எதிரி. நம் வானிலைத் துறையான மெட்மலேசியா, வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும், 37ஐத் தாண்டினால் அடுத்த நிலை. அந்தக் கணக்கெல்லாம் நிழலில் அளந்தது. தகரத்துக்குக் கீழே அதைவிட அதிகம். பக்கத்து மாநிலமான பெர்லிஸில், சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது, நாட்டிலேயே அதுதான் உச்சம். அதனால் வடக்கே இருக்கிறவர்கள் பிப்ரவரி பிறந்ததும் கூரையைக் கவனிக்க வேண்டும். எங்கள் தகரத்துக்கு மேல் அத்தாப்பு, அதாவது நீப்பா ஓலைக் கூரை போட்டிருக்கிறேன். அத்தாப்பு கிடைக்காவிட்டால் தென்னை ஓலை போடலாம், அல்லது தகரத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் கறுப்பு நிழல்வலை கட்டலாம், ஒட்டிக் கட்டினால் பயன் குறைவு. தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும் என்றால் கூரையின் மேலே ஊற்றுங்கள், வழிந்து வெளியே போகட்டும். தரை ஈரமானால் எச்சத்தோடு சேர்ந்து நாற்றமும் அமோனியாவும்தான் கிளம்பும். மரத்தூளைக் கனமாகப் போட்டு வைத்திருந்தால் அதையும் அள்ளிக் குறையுங்கள், அடியில் அது நொதித்துத் தன் பங்குக்குச் சூடு விடும்.

பகலில் திறந்துவிட முடிந்தால் விட்டுவிடுங்கள். வாழைக்கும் ரம்புத்தானுக்கும் அடியில் மண்ணைக் கிளறிப் படுத்துக்கொள்ளும், அந்த இடத்தைவிட நல்ல கொட்டகை யாராலும் கட்ட முடியாது.

குடிதண்ணீரை நிழலில் மூன்று நான்கு இடத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் வலுத்தது மற்றதை விரட்டிவிடும். வெயிலில் கிடக்கும் குழாயின் முதல் தண்ணீர் சுடும், அதைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மதியம் போத்தலில் உறைந்த பனிக்கட்டியை அப்படியே தொட்டியில் போட்டுவிடலாம். கடையில் விற்கும் எலெக்ட்ரோலைட் தூள் நல்லதுதான், பாக்கெட்டில் உள்ள அளவோடு, பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

தீனியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும், அது சில மணி நேரம் நீடிக்கும். காலை ஏழு மணிக்குத் தீனி போட்டுப் பத்து மணிக்குள் எடுத்துவிடுங்கள், மறுபடி ஐந்தரைக்கு மேல். நடுவில் வெள்ளரி, தர்ப்பூசணித் தோல், காங்கோங் கீரை கொடுக்கலாம். மூச்சு வாங்கும் கோழி கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்றுவதால் முட்டை ஓடு மெலிந்துவிடும். மாலையில் கெராங் சிப்பியின் ஓட்டை நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். அடைகாக்கும் கோழியைத் தனியாகக் கவனியுங்கள். எவ்வளவு சூடானாலும் எழுந்து வராது, அதன் வாய்க்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும்.

ஒரு கோழி தள்ளாடினாலோ, கண் மூடிச் சாய்ந்துவிட்டாலோ நேரம் போக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப் போய்க் காலைச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வையுங்கள், கொண்டையையும் சிறகுக்கு அடியையும் நனைத்து விசிறிவிடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தெளிந்ததும் தானே குடிக்கும்.

வெயில் தாழ்ந்த பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, பச்சையாகக் கழிகிறது என்றால் அது வெயில் வேலை கிடையாது, நோய். மற்றதிலிருந்து பிரித்து வைத்துவிட்டு மாவட்டக் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நீளப் பக்கம் மேற்கே இருந்தால் சாயங்கால வெயில் முழுக்க உள்ளேதான் விழும். அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி, கீழே நாலு வாழைக்கன்று நட்டுவிடுங்கள்.