படித்தது பரீட்சை ஹாலில் ஏன் வர மறுக்கிறது?

மாணவர் மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பள்ளி மனநல ஆலோசகர்களின் பதில்கள்

கேள்வி: வீட்டில் ஒப்பித்தால் ஒரு வரி பிசகாமல் வருகிறது. ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை வேர்த்து, தலை வெறுமையாகிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் அப்படித்தான் ஆனது. மார்ச்சில் பொதுத்தேர்வு. என்ன செய்வது?
— பிளஸ் டூ மாணவி, தர்மபுரி

பதில்: நீங்கள் படித்தது எங்கும் போய்விடவில்லை. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அதனால்தான் படபடப்பும் வேர்வையும். அதே சமயம் "ஃபெயில் ஆகிவிடுவேனோ" என்ற எண்ணம் மனதை அடைத்துக்கொள்வதால், விடையை யோசிக்க இடம் குறைகிறது. வரி வரியாக மனப்பாடம் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் வரி நினைவுக்கு வராவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் வராது.

அதனால் படிக்கும் முறையை இப்போதே மாற்றுங்கள். ஒரு பாடப்பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று மறுபடி எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகிப்போய்த் தெரிந்த மாதிரி இருக்கும். ஆனால் புத்தகம் இல்லாமல் விடையை எடுத்துத் தரும் பழக்கம் எழுதிப் பார்த்தால்தான் வரும். ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் விடைக்கும் நான்கைந்து முக்கியச் சொற்களைக் குறித்து வையுங்கள். வரி மறந்தாலும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு சொந்த வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

கடைசி மூன்று வாரங்களில் வாரம் இரண்டு முறை, தேர்வு நேரமான காலை 10 மணி முதல் 1.15 வரை, பழைய கேள்வித்தாளோடு உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். பழகிய சூழ்நிலையில் பயம் பாதியாகக் குறைவதைப் பல மாணவர்களிடம் பார்க்கிறோம்.

ஹாலில் கேள்வித்தாளை வாசிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிடத்தில், தெரியாத கேள்வியைத் தேடிப் பயப்பட வேண்டாம், தெரிந்தவற்றை எண்ணுங்கள். எழுதத் தொடங்கும்போது ஒரு மதிப்பெண் கேள்விகளிலிருந்து ஆரம்பியுங்கள். இயற்பியலில் அவை 15. நாலைந்து விடை விழுந்ததும் கை நிதானத்துக்கு வந்துவிடும்.

நடுவில் தலை வெறுமையானால் பேனாவைக் கீழே வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை செய்ய இரண்டு நிமிடம் போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். "நல்லா இழுத்து விடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேக வேகமாகப் பெருமூச்சு விட்டால், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும், பயம் கூடும். இதையும் முன்கூட்டியே தினமும் பழக வேண்டும். தேர்வு நாளில் முதன்முறையாகச் செய்தால் உதவாது.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் டீ குடித்துக் குடித்து இரவு 1 மணி வரை படிக்கிறான், 5 மணிக்கு ட்யூஷன். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறான். நடிக்கிறானா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. மனம் பதறினால் குடல் உண்மையிலேயே இழுத்துப் பிடிக்கும். அவன் உணரும் வலி நிஜமான வலி. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைவது, வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. இவை இல்லையென்றால் இரண்டு வாரம் வலி வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். விடுமுறை நாளில் வலி இல்லாமல், திங்கட்கிழமை காலையில் மட்டும் வந்தால் காரணம் பள்ளிப் பக்கம் இருக்கிறது: பயமுறுத்தும் பாடமா, கேலி செய்யும் பையன்களா, அடிக்கும் ஆசிரியரா என்று பொறுமையாகக் கேளுங்கள். லீவு மேல் லீவு போட்டால் பயம்தான் வளரும். அரைநாளாவது அனுப்பிக்கொண்டே காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

அவன் தூங்குவது நான்கு மணி நேரம். அந்த வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். ஆகவே இரவு 11 மணிக்கு மேல் படிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு. டீயில் உள்ள காஃபின், குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் ஏறக்குறையப் பாதி உடம்பில் இருக்கும். மாலை 4 மணிக்குப் பிறகு டீ வேண்டாம். நாளையே 9 மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் இருப்பான். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள். காலை ட்யூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இதை நாங்கள் வற்புறுத்தியே சொல்வோம்.

கேள்வி: அண்ணன் மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டினால் என் மகள் ரோஷம் வந்து படிப்பாளே?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: வராது. உங்களிடம் மார்க்கை மறைக்கத்தான் கற்றுக்கொள்வாள். தமிழக அரசே 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. போன தேர்வில் அவளே எடுத்ததோடு ஒப்பிடுங்கள். தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே, உங்கள் வாயாலேயே அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவியின் நோட்டில் "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்று எழுதியிருந்தது. எப்படிப் பேசுவது?
— வகுப்பாசிரியை, நாகப்பட்டினம்

பதில்: இன்றே பேசுங்கள். ஸ்டாஃப் ரூமிலோ மற்றவர்கள் முன்னாலோ வேண்டாம், தனியாகப் பேசுங்கள். "நோட்டில் எழுதியதைப் பார்த்தேன்மா. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஒருவர் கேட்டாரே என்று பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். "இந்த வயசுல உனக்கு என்ன கவலை" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு நின்றுவிடும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறீர்கள் என்பதை அவளிடமே முதலில் சொல்லுங்கள்.

ஆம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, பெற்றோர் நேரில் வந்த பிறகே அனுப்புங்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். வீட்டிலேயே கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

சிகிச்சைக்குப் பின் அவள் வகுப்புக்குத் திரும்பும்போது காரணத்தை யாரிடமும் விளக்க வேண்டாம். விடுபட்ட ரெக்கார்டு நோட்டுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். பரீட்சை முடியும் வரை அதை விட்டுவிடாதீர்கள்.