தோட்டத்து ரயில்: கேள்வி-பதில்

தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்டுவோரிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதி, “வண்டி தடம் புரள்கிறது, என்ன காரணம்?” என்ற ஒற்றை வரிதான். வளைவின் ஆரம், பாதையின் அகலம், எஞ்சினின் சக்கர அமைப்பு ஆகிய மூன்றையும் எழுதாதவர்களுக்கு ஜோசியம்தான் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியாது. விட்டத்தை அளந்துவிட்டு ஆரம் என்று எழுதுவோர் தயவுசெய்து மீண்டும் அளக்கவும்.

நீலகிரி மலை ரயிலைத் தோட்டத்தில் ஓட்ட ஆசை. எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது? (கோவை)

நீலகிரிப் பாதை மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) என்பதால் 1:22.5 அளவில் சுருக்கினால் 44 மி.மீ. சொச்சம் வரும், தோட்ட ரயிலுக்கென விற்கும் 45 மி.மீ. பாதையில் அது கச்சிதமாக அமரும். 1968-இல் ஜெர்மனியின் மாதிரி ரயில் பிராண்டான எல்ஜிபி இந்த அளவில் வண்டிகளைக் கொண்டுவந்ததும் மீட்டர்கேஜைக் கருதியே. டார்ஜிலிங் ரயில் வேண்டுமென்றால், அது 2 அடிப் பாதை; 1:19 அளவும் 32 மி.மீ. பாதையும் பொருந்தும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி என்று வண்டி ஏறுவது, எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறும்படி பாதை நடுவே பதித்த பல்சட்டத்தின் தயவால். அது இல்லாத தோட்டத்தில் 100-க்கு 2, மிஞ்சினால் 3 என்பதோடு ஏற்றத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த மலையில் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். முன்னால் மாட்டி எடுத்த படங்களை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கொத்தனாரை வைத்து சிமென்ட் மேடை கட்டி, ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகளை) கலவையில் பதித்தோம். சித்திரை வெயிலில் தண்டவாளம் நெளிந்துவிட்டது. மட்டமான சரக்கை விற்றுவிட்டார்களா? (திருச்சி)

சரக்கின் மீது பழியில்லை. ஆண்டுதோறும் கோடையில் இதே கடிதம் வேறுவேறு ஊர்களிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் இதையே எழுதுகிறேன். பித்தளைத் தண்டவாளம் விடியற்காலையில் 25 டிகிரியில் இருந்தால், நடுப்பகல் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வேறுபாட்டில் 10 மீட்டர் நீளத் தண்டவாளம் ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். நீளுவதற்கு இடமில்லாமல் கலவையால் பிடித்துவைத்தால், அது எங்கே பலவீனமோ அங்கே பக்கவாட்டில் பிதுங்கும். ஸ்லீப்பரின் கொக்கிகள் உடைந்து பாதையின் அகலமும் கெடும்.

பாதை ஜல்லியில் மிதக்க வேண்டுமே தவிர, எதிலும் ஒட்டக் கூடாது. மண் தரையானால் அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் முக்கால் அங்குல ஜல்லியும் மேலே கால் அங்குலச் சிப்ஸுடன் கொஞ்சம் கிரஷர் தூளும் இட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். கூழாங்கல் பார்வைக்கு அழகுதான். ஆனால் உருண்டு ஓடிவிடும், முனையுள்ள கல்தான் ஒன்றையொன்று கவ்வும். உங்களுக்கு மேடை ஏற்கெனவே இருப்பதால், கலவையைக் கொத்தி எடுத்துவிட்டு, விளிம்பில் சிறு கட்டு எழுப்பி, மீட்டருக்கு ஒரு துளை வீதம் நீர் வடியத் துளையிட்டு, ஒரு அங்குலக் கனத்துக்குச் சிப்ஸ் பரப்பி அதன்மேல் பாதையை வையுங்கள். காலையில் பதித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் நூலளவு இடைவெளி விடுங்கள். உச்சி வெயிலில் பதித்தால் ஒட்டியே பதிக்கலாம். மின்சாரம் தடைப்படாமலிருக்க இணைப்பின் குறுக்கே மெல்லிய ஒயரைத் தளர்வாக வளைத்துப் பற்றவையுங்கள். எஞ்சின் வாங்கும் பணத்தில் ஒரு பங்கையாவது படுகைக்கு ஒதுக்கியிருந்தால் இக்கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

பழைய ஃபேன் ரெகுலேட்டரால் ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தலாமா? (சேலம்)

கூடவே கூடாது. அது 230 வோல்ட் மெயின் லைனிலிருந்து தண்டவாளத்தைப் பிரித்துவைப்பதில்லை; தண்டவாளத்தைத் தொடும் குழந்தை நேரே மெயின் லைனைத் தொடும். தரமான அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும், 24 வோல்ட்டுக்கு மேற்படாத டிசி மட்டும் வெளியே செல்லட்டும், அடாப்டர் செருகும் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கட்டும். 230 வோல்ட் வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்பதை முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

தண்டவாளத்தைத் தினமும் துடைக்க அலுப்பாக இருக்கிறது. மாற்று உண்டா? (தஞ்சாவூர்)

எஞ்சினுக்குள்ளேயே லித்தியம் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் பொருத்துங்கள். மின்சாரம் தண்டவாளம் வழியாக வர வேண்டியதில்லை என்பதால் பித்தளை கறுத்தாலும் கவலையில்லை. பேட்டரிக்குப் பாதுகாப்புச் சுற்று அவசியம், வெயிலில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள்.

மகனின் 16.5 மி.மீ. எச்ஓ செட்டை (வீட்டுக்குள் ஓட்டும் சிறு அளவு ரயிலை) வெளியே போடலாமா? (மதுரை)

ஒரு வேப்பம்பழம் விழுந்தால் ரயில் நின்றுவிடும். மொட்டைமாடி அறையே அதற்கு இடம்.

நீராவி எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? (ஈரோடு)

வேண்டாம், பாய்லரில் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே ஊற்றுங்கள். எரிபொருளான பியூட்டேன் வாயுவை நிரப்பும்போது பக்கத்தில் இன்னொரு எஞ்சின் எரிந்துகொண்டிருக்கக் கூடாது.

பாதையோரம் என்ன செடி வைப்பது? ஏற்கெனவே ஒரு முருங்கை நிற்கிறது. (விருதுநகர்)

குட்டை இட்லிப்பூவைக் கத்தரித்து வைத்தால் மரம்போலத் தெரியும். தரையில் பத்துமணிப்பூ படரட்டும். முருங்கையின் பொடி இலைகள் தண்டவாளத்தில் நசுங்கிப் பசையாகும், கம்பளிப்பூச்சி வேறு. மரத்தை வெட்ட மனமில்லையென்றால் பாதையைத் தள்ளிப் போடுங்கள். வளைக்கும்போது ஆரத்தை அளந்துகொள்ளுங்கள்.