"ஸ்லாக்கில் சொன்னேனே!"

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ரிலீஸ் டிரெய்ன் இன்ஜினியராக இருக்கிறேன்; பல குழுக்கள் சேர்ந்த 'டிரெய்ன்' ஒன்றை ஒருங்கிணைப்பது என் வேலை. எட்டுக் குழுக்கள், எண்பது பேர், பல குழுக்கள் சேர்ந்து திட்டமிட்டு வேலை செய்யும் சேஃப் (SAFe) முறை. நாள் முழுவதும் ஸ்லாக்கில் செய்திகள் குவிகின்றன. ஆனாலும் ஒரு குழுவின் தாமதம் அடுத்த குழுவுக்குக் கடைசி ஸ்பிரின்டில்தான் (குறுகிய வேலைச் சுற்று) தெரிகிறது. கேட்டால் "ஸ்லாக்கில் சொன்னேனே" என்கிறார்கள். வேறு செயலிக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். எங்கே, யாரிடம் சொன்னார்கள் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் தனிச் செய்தியில் இருக்கும். "அந்த ஏபிஐ எப்போது கிடைக்கும்?" "இந்த வாரம் கஷ்டம், அடுத்த வாரம் பார்க்கலாம்." இரண்டு டெவலப்பர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அதற்காகக் காத்திருக்கும் மூன்றாவது குழுவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பிஐ எனப்படும் சில வார வேலைக்காலத்துக்கு எல்லாக் குழுக்களும் சேர்ந்து திட்டமிடும் பிஐ பிளானிங் நடக்கும் இரண்டு நாளும், யார் எதற்காக யாரை நம்பியிருக்கிறார்கள் என்பது பலகையில் சிவப்பு நூலாக எல்லார் கண்ணிலும் படுகிறது. மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே டிரெய்னுக்கென்று ஒரு பொதுச் சேனல் திறந்து, ஒவ்வொரு சிவப்பு நூலுக்கும் ஒரு த்ரெட் (ஒரே செய்தியின் கீழ் தொடரும் பதில்கள்) தொடங்குங்கள். தரும் குழு, பெறும் குழு, எந்த ஸ்பிரின்ட், ஜிரா (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள்) எண் எல்லாம் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். தேதி நகர்ந்தால் அந்த த்ரெட்டிலேயே எழுத வேண்டும். சேனலுக்கும் சேர்த்து அனுப்பும் கட்டத்தில் மறக்காமல் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் த்ரெட்டைத் தொடராதவர் கண்ணில் அது படாது.

அன்றே ஜிராவிலும் தேதியை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருந்தால் இதில் சமரசமே கூடாது. அதில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. ஒரு பிஐ 8 முதல் 12 வாரம் ஓடும். அடுத்த பிஐயின் நடுவில் பழைய பேச்சைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

பிஐ பிளானிங்கில், திட்டம் நிறைவேறும் என்ற நம்பிக்கையை ஒன்று முதல் ஐந்து வரை சொல்லும் நம்பிக்கை வாக்கெடுப்பை மட்டும் எமோஜியில் நடத்தாதீர்கள். முதல் ஆள் நான்கு போட்டால் பின்னால் வருபவர்களும் நான்கே போடுவார்கள். வீடியோ அழைப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் விரல்களைக் காட்டட்டும். ஒன்றோ இரண்டோ காட்டியவரைப் பேச விடுங்கள்.

இனி உண்மையிலேயே கடினமான பகுதி. எண்பது பேர் பார்க்க "எங்களால் முடியவில்லை" என்று எழுத யாருக்கும் கை வராது. தனிச் செய்திக்கு ஒதுங்குவது அதனால்தான். முதலில் துணிந்து எழுதும் குழுவுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை மற்ற ஏழு குழுக்களும் கவனித்துக்கொண்டிருக்கும். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று ஒரு மேலாளர் அங்கேயே கேட்டுவிட்டால் போதும், பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே சேனலைத் திறப்பதற்கு முன்பே மேலாளர்களிடம் நேரில் பேசி ஒப்புதல் வாங்குங்கள். தாமதச் செய்தி வந்தால் முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்: "சொன்னதற்கு நன்றி. இதனால் யாருடைய வேலை நிற்கிறது? அந்தக் குழுவையும் சேர்த்து இன்று மாலையே பேசிவிடுவோம்."