டார்க் மோட்ல எழுத்து ஏன் கலங்குது?

கேள்வி: சார், கண்ணுக்கு நல்லதுன்னு சொல்லி பையன் என் போன்ல டார்க் மோட் போட்டுக் குடுத்தான். கருப்புல வெள்ளை எழுத்து எல்லாம் ஓரத்துல ஒளி வழியிற மாதிரி இருக்கு, ண-வா ன-வான்னே தெரியல. பவர் ஏறிடுச்சா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படாதீங்கம்மா. முதல்ல அதே மெசேஜை வெள்ளை பேக்ரவுண்டுக்கு மாத்திப் படிச்சுப் பாருங்க, அதுல பளிச்சுனு தெரிஞ்சா பெரும்பாலும் பவர் பிரச்சனை இல்ல. திரை இருட்டா இருந்தா கண்ணுப்பாப்பா நல்லா விரியும், விரிஞ்சா கண்ணுல இருக்கிற சின்னச் சின்னக் குறை எல்லாம் பெருசா வெளிய வரும், அதுவும் உங்க கண்ணாடிச் சீட்டுல சிலிண்டர்னு ஒரு நம்பர் (கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னு அர்த்தம்) இருந்தா வெள்ளை எழுத்து கருப்புக்குள்ள கசியும். நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி, அந்த ஒளி சுழிக்குள்ள நிரம்பிட்டா சின்ன சைஸ்ல ண-வும் ன-வும் ஒண்ணாத்தான் தெரியும், மெய்யெழுத்துப் புள்ளியும் எழுத்தோட ஒட்டிக்கும்.

சுத்தக் கருப்புல சுத்த வெள்ளைன்னா கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 21:1, ஆனா வெப்சைட்டுக்கான சர்வதேச விதி சாதாரண எழுத்துக்குக் கேக்கறது குறைஞ்சது 4.5:1 தான். கூகுளோட டிசைன் விதியிலயே டார்க் தீம்க்கு முழுக் கருப்பைச் சொல்லாம அடர் சாம்பலைத்தான் சொல்றாங்க. அதனால படிக்கிற ஆப்ல சாம்பல் கலர் இருந்தா அதை எடுங்க, எழுத்து சைஸை ரெண்டு படி ஏத்துங்க. பகல்ல வெள்ளையிலயே படிங்க, பிரைட்னஸ் ரூம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி இருந்தாப் போதும். ராத்திரி லைட் அணைச்சப்புறம் டார்க் மோட் நிஜமாவே சுகம், செட்டிங்ஸ்ல நேரம் வச்சுட்டா தானா மாறிக்கும்.

கண்புரை இருக்கிற சிலருக்கு இது தலைகீழ், வெள்ளைத் திரை கூசும், கருப்புலதான் நல்லாப் படிக்க முடியும், அவங்க டார்க் மோடையே வச்சுக்கலாம். ரெண்டுலயுமே கலங்கலா இருந்தா மட்டும் தள்ளிப்போடாம கண் டாக்டரைப் பாத்துடுங்கம்மா.

கேள்வி: டார்க் மோட் போட்டா சார்ஜ் நிக்குமா? - வாசகர், ஓசூர்

பதில்: ஓஎல்ஈடி திரைன்னா நிக்கும், அதுல பிக்சல்ங்கிற ஒவ்வொரு குட்டிப் புள்ளியும் தானே ஒளிரும், கருப்பு வர்ற இடத்துல அந்தப் பிக்சலே அணைஞ்சிடும். எல்சிடின்னா பின்னாடி லைட் எப்பவும் எரிஞ்சுட்டேதான் இருக்கும், அதுல பெருசா எதுவும் மிச்சமாகாது, பிரைட்னஸைக் குறைங்க தம்பி.