பிராய் அடுப்பும் லீவுப் புத்தகமும்

கேள்வி: எங்கள் தையல் ஆலையில் 80 பேர். செப்டம்பர் 24 மரபு தினத்தன்று எல்லோரையும் பாரம்பரிய உடையில் வரச் சொல்லி, பிராய் (தணலில் கறி சுடும்) விருந்தும் வைக்கிறோம். ஆனாலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஒட்டாமலே இருக்கிறார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு மேற்பார்வையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: காலண்டரைப் பார்த்தீர்களா? செப்டம்பர் 24 வருஷம் தவறாமல் புரட்டாசியில்தான் வரும். டர்பனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அந்த மாதம் முட்டைகூட உள்ளே வராது. அன்றைக்குப் போய் ஆட்டுக்கறி சுட்டு வைத்துவிட்டு, ஒட்டவில்லை என்கிறீர்கள்! தனி அடுப்பு, தனி இடுக்கி வையுங்கள். கறி சுட்ட வலையின் ஓரத்தில் நாலு சோளக்கதிரை வாட்டுவது ஏற்பாடு ஆகாது.

பட்டுச்சேலையை விட்டு லீவுப் புத்தகத்துக்கு வாருங்கள். இந்நாட்டின் 12 பொது விடுமுறைகளில் தைப்பூசமும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆனால் 1994ஆம் வருஷத்துப் பொது விடுமுறைச் சட்டப்படி, முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். நவம்பரிலேயே அடுத்த வருஷத்துத் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். காவடி எடுப்பவருக்கு முந்தின இரவு ஷிஃப்ட் போடாதீர்கள். எந்த விடுமுறைக்கு மாற்று என்பதிலும் கவனம் வேண்டும்: அன்று ஆலை பூட்டியிருந்தால் அவர் வந்து என்ன செய்வார்? சரக்குக் கணக்கெடுப்போ மெஷின் பராமரிப்போ நடக்கும் நாளாகப் பாருங்கள். "இந்துக்கள்தானே" என்று பெரிய வெள்ளியைக் கேட்டுவிடாதீர்கள். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவே அன்றுதான்.

மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால், பொது விடுமுறையில் உழைத்தவர் இரட்டைச் சம்பளம் கேட்பார். சட்டம் அவர் பக்கம். சம்பளப் பிரிவோ காவடி நாளை ஆண்டு விடுப்பில் கழித்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. முன்னோர் சடங்குக்கு ஊருக்குப் போகும் ஜூலுப் பெண்ணுக்கும் இதே வழி உண்டா, அல்லது அவருக்கு மட்டும் டாக்டர் சீட்டு கேட்கிறீர்களா? சங்கோமா (பாரம்பரிய வைத்தியர்) பயிற்சிக்குப் போன ஒரு சமையல் பணியாளரை வேலையை விட்டு நீக்கியது நியாயமற்றது என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. லீவுப் படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தை அடித்துவிட்டு, எந்த நாள், அன்று அந்த மெஷினில் யார் உட்காருவார் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.